பக்கம் மாறியது, முகவரி மாறவில்லை

மூன்று வருடத்துக்கு முன்னால், பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு மருந்து விளம்பரத்துக்கு ஆதாரமாக ஒரு மின் ஆவணக் களஞ்சியத்தின் சுட்டியைக் கொடுத்திருந்தேன். போன மாதம் வாசகர் ஒருவர் மின்னஞ்சல் போட்டார். சுட்டியைச் சொடுக்கினால் அந்தத் தளத்தின் முகப்புப் பக்கம்தான் வருகிறது, விளம்பரம் எங்கே என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. அப்படி ஒன்றை நீங்கள் நிஜமாகவே பார்த்தீர்களா?

பார்த்தேன். படம் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. தேடல் பெட்டியில் தட்டி, வந்த பட்டியலில் ஒன்றைத் தொட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி அந்த விளம்பரத்துக்குப் போயிருக்கிறேன். அவ்வளவு தூரம் போன பிறகும் மேலே முகவரிப் பட்டையில் இருந்த முகவரி ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைக் கவனிக்காமல் காப்பி எடுத்து ஒட்டிவிட்டேன். மூன்று வருடமாக என் ஆதாரம் ஒரு வாசற்கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் களஞ்சியத்தைத் திட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாதியில் வேறொன்று ஞாபகம் வந்தது. வயிற்றுப்பாட்டுக்கு நான் பார்ப்பது வெப் ப்ரோக்ராமிங். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், பழைய வீடு ஒன்றின் முன்னறையில் நடக்கும் சின்ன நூலகத்துக்கு நூற்பட்டியல் தேடும் பக்கத்தைச் செய்துகொடுத்தவனும் நான்தான். திறந்து பார்த்தேன். அதே தப்பு. இன்னும் சொல்லப்போனால், அதைவிட மோசமான தப்பு ஒன்றும் இருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆகவே இது அடுத்தவரைப் பற்றிய விமர்சனம் மட்டும் இல்லை. முழுப் பக்கத்தையும் மறுபடி வரவழைக்காமல் ஒரு துண்டை மட்டும் மாற்றுகிற அந்த உத்தியை, என்னைப் போன்றவர்கள் எப்படிக் கையாள்கிறோம் என்பது பற்றிய விமர்சனம்.

ஜவுளிக்கடை பில்

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். சாதாரணமாக ஒரு சுட்டியைத் தொட்டால் ப்ரௌசர் சர்வரிடம் கேட்கும். சர்வர் முழுப் பக்கத்தை அனுப்பும். பழைய பக்கம் போய்ப் புதியது வரும். அது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது வழியில், பக்கத்துக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் சர்வரிடம் கேட்கும். நாம் பக்கத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். பதில் வந்ததும் வேண்டிய இடத்தில் மட்டும் மாற்றம் நடக்கும். 'ஒத்திசைவற்ற புதுப்பிப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். வாயில் நுழைகிற பெயராக அஜாக்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தி.நகர் ஜவுளிக்கடையில் சேலை எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. மாடியில் சேலையை எடுத்ததும் பில் போட்டு நம் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். சேலை நம்மோடு வராது. அது தனியாகக் கீழே டெலிவரி கவுன்டருக்குப் போய்விடும். நாம் அதற்குள் அடுத்த மாடியில் பையனுக்குச் சட்டை பார்க்கலாம், கேஷ் கவுன்டரில் பணம் கட்டலாம். கடைசியில் சீட்டைக் காட்டினால் நம் மூட்டை வரும். யாரும் நின்று காத்திருக்காமல் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. ஆனால் இது ஓடுவதற்குக் காரணம் அந்தச் சீட்டும் அதிலுள்ள எண்ணும் சீலும்தான். சீட்டை எடுத்துவிட்டு இந்த ஏற்பாட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தீபாவளிக் கூட்டத்தில் யார் சேலை யார் வீட்டுக்குப் போகும்?

நாம் எழுதும் அஜாக்ஸ் பக்கங்களில் பாதி, சீட்டில்லாத ஜவுளிக்கடைகள்.

இதன் வரலாறு சின்னது. அவுட்லுக் மெயிலை ப்ரௌசரில் காட்டுவதற்காக மைக்ரோசாஃப்ட் செய்த ஒரு கருவி, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் வெளியே வந்தது. பிறகு மற்ற ப்ரௌசர்களும் அதை எடுத்துக்கொண்டன. 2004 ஏப்ரலில் ஜிமெயில், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் இதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் எல்லோரும் அதன் பின்னால் போனோம். அடுத்த வருடம் ஜேக்வெரி வந்தது. ஐந்து வரியில் எழுதிவிடலாம் என்று ஆனது. எளிதாக எழுத முடிந்ததாலேயே, எங்கே எழுதக் கூடாது என்று யோசிக்காமல் போய்விட்டோம்.

ப்ரௌசர் இலவசமாகச் செய்துவந்தவை

'அஜாக்ஸ் நல்ல வழக்கங்கள்' என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியவை. சின்னதாக அனுப்பு, கேஷ் செய், கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பு என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பிரச்சினை அங்கே இல்லை என்பது என் எண்ணம்.

முழுப் பக்கம் வந்துபோன காலத்தில் ப்ரௌசர் நமக்காகச் சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. இப்போது எங்கே இருக்கிறோம் என்று முகவரியில் காட்டியது. பின்னால் போகப் பட்டன் கொடுத்தது. வந்துகொண்டிருக்கிறது என்பதைச் சுழலும் குறியால் சொன்னது. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு பக்கம் காட்டியது. பணம் கட்டிய படிவத்தைத் திரும்ப அனுப்பப் பார்த்தால் எச்சரித்தது. பார்வையற்றவருக்குப் புதுப் பக்கம் வந்துவிட்டது என்று படித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் தகவல் கொடுத்தது.

அஜாக்ஸ் எழுதும்போது இத்தனை வேலையையும் ப்ரௌசர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்கியவன் அதைச் செய்ய வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாக.

முகவரி

முகவரி மாறாத பக்கத்தை மேற்கோள் காட்ட முடியாது, நண்பருக்கு அனுப்ப முடியாது, நாளைக்கு நாமே திரும்பிப் போக முடியாது. பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் பட்டியலுக்குப் போகாமல் தளத்தை விட்டே வெளியே போய் விழுகிறோம்.

இது பெரிய கம்பெனிகளும் செய்த தப்புதான். 2010இல் ட்விட்டர் தன் தளத்தைப் புதுப்பித்தபோது முகவரிக்குள் ஒரு ஹாஷ் குறியையும் ஆச்சரியக்குறியையும் நுழைத்தது. ஹாஷுக்குப் பின்னால் இருப்பதை ப்ரௌசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் எந்தப் பக்கம் என்றே தெரியும். 2011 பிப்ரவரியில் காக்கர் நிறுவனமும் தன் தளங்களை இதே முறைக்கு மாற்றியது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிழை. அத்தனை தளங்களும் வெற்றுப் பக்கங்களாக நின்றன. 2012 மே மாதம் ட்விட்டர் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கி அனுப்பும் பழைய வழிக்குத் திரும்பியதில், முதல் பக்கம் வரும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அவர்களே அறிவித்தார்கள். வேகத்துக்காகச் செய்த காரியம் வேகத்தையே தின்றிருந்தது.

இன்றைக்கு இதற்குச் சாக்கு சொல்ல இடமில்லை. புஷ்ஸ்டேட் என்ற வசதி எல்லா ப்ரௌசரிலும் பல வருடமாக இருக்கிறது. துண்டு மாறும்போது முகவரியையும் மாற்றலாம். ஆனால் இதில் ஒரு பாதி வேலை மறந்துபோகும். மாற்றிய முகவரியை நேராகக் கேட்டால் சர்வரும் அதே பக்கத்தைத் தர வேண்டும். பலர் முகவரியை அழகாக மாற்றிவிடுகிறார்கள். அதைக் காப்பி எடுத்து வேறு ப்ரௌசரில் ஒட்டினால் 404 வருகிறது. அது முகவரி இல்லை, முகவரி மாதிரி ஒரு அலங்காரம்.

இந்த ஊரில் இதைப் பேசும்போது எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. நாம் அந்த விதியை வேகம் என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். அரை நொடியில் பட்டியலைக் காட்டிவிட்டு, அதே பட்டியலுக்கு நாளை திரும்பிவர வாசகரை மறுபடி முதலிலிருந்து தேடவைத்தால் யாருடைய நேரம் மிச்சம்? புத்தகத்துக்கு ஒரு அழைப்பெண் கொடுத்து, அலமாரியில் ஒரு இடம் கொடுத்ததே, யார் எப்போது வந்தாலும் நேராக அங்கே போவதற்குத்தான். முகவரி என்பது அந்த அழைப்பெண்தான்.

தமிழில் தட்டும்போது

எழுத்தைத் தட்டத் தட்டப் பட்டியல் மாறும் தேடல் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். 2004 கடைசியில் கூகுள் சஜெஸ்ட் வந்த பிறகு அது எல்லா இடத்துக்கும் பரவியது. அதில் இரண்டு கோளாறு.

ஒன்று, எல்லா மொழிக்கும் பொதுவானது. 'கல்' என்று தட்டியதும் ஒரு கோரிக்கை போகிறது. 'கல்கி' என்று முடித்ததும் இன்னொன்று. இரண்டாவது பதில் முதலில் வந்து, முதல் பதில் தாமதமாக வந்தால்? பெட்டியில் 'கல்கி' இருக்கும், கீழே 'கல்வி', 'கல்யாணம்' என்று புத்தகங்கள் நிற்கும். ஜவுளிக்கடைச் சீட்டு இங்கேதான் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கான பதிலை மட்டும் காட்ட வேண்டும். அல்லது புதுக் கோரிக்கை போகும்போது பழையதை அபார்ட் கன்ட்ரோலர் வைத்து ரத்து செய்ய வேண்டும். தட்டுவது நின்று கால் நொடி ஆன பிறகு கேட்பதும் நல்லது. ஆனால் அது கோரிக்கைகளைக் குறைக்கும், வரிசையைக் காப்பாற்றாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து நான் ஏமாந்திருக்கிறேன்.

இரண்டாவது கோளாறு நம் மொழிக்கு உரியது. ஆங்கிலத்துக்காக எழுதிய பட்டியல்களில் இது இருக்காது. ஒலிபெயர்ப்பு முறையில் 'தமிழ்' என்று தட்டுகிறவர் திரையில் என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். த், த, தம், தமி, தமிழ். 'த்' என்று தொடங்கும் புத்தகம் பட்டியலில் அநேகமாக இருக்காது. எனவே முதல் தட்டுக்கே 'முடிவுகள் இல்லை' என்று வரும். 'தம்' வந்ததும் தம்பியும் தம்பூராவும் வரும். அடுத்த தட்டில் அவை காணாமல் போய்விடும். ஏனென்றால் 'தம்' என்பது 'தமிழ்' என்ற சொல்லின் முன்பகுதி கிடையாது. வாசகர் எதையும் அழிக்கவில்லை, திருத்தவில்லை, நேராகத்தான் தட்டிக்கொண்டு போகிறார். பட்டியல் மட்டும் முன்னும் பின்னும் குதிக்கிறது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் இது நடப்பதில்லை. அதில் த, தம, தமி, தமிழ, தமிழ் என்று வரும். ஒவ்வொரு படியும் அடுத்ததன் முன்பகுதியாகவே, யூனிகோட் குறியீட்டு வரிசையிலும், இருக்கும். ஆகவே தமிழ்99இல் மட்டும் சோதித்தால் பிழை கண்ணில் படாது. நான் தமிழ்99காரன். எனக்குப் படவில்லை.

சரிசெய்ய ஒரு சின்ன வழி இருக்கிறது. தட்டிய சொல் புள்ளியில் முடிந்தால், பட்டியல் கேட்கும்போது அந்தக் கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டுக் கேட்க வேண்டும். 'தம்' என்பதை 'தம' என்று கேட்டால் தம்பியும் வரும், தமிழும் வரும். யூனிகோடில் மெய்யெழுத்து என்பது அகரமெய்யும் புள்ளியும் சேர்ந்தது என்பதால் இது சாத்தியம். அதோடு, விசைப்பலகை மென்பொருள் ஓர் எழுத்தை இன்னும் கோத்துக்கொண்டிருக்கும்போது கோரிக்கை அனுப்பக் கூடாது. கோத்து முடிந்தது என்று ப்ரௌசர் தனியாக ஒரு சைகை கொடுக்கிறது. அதற்குக் காத்திருக்கலாம். 'கொ' போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகக் குறியிடலாம் என்பதால், தேடும் சொல்லையும் பட்டியலில் உள்ள சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவுகளில் இது அடிக்கடி காலை வாரும்.

கேட்காமலே இருப்பதும் ஒரு நல்ல வழக்கம் என்று இங்கே சேர்க்க வேண்டும். கூகுளின் ஒலிபெயர்ப்புக் கருவியில் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி ஸ்பேஸ் அடித்தால் சொல் சர்வருக்குப் போய்த் தமிழாகத் திரும்பி வரும். நெட் மெதுவாக இருந்தால் வாக்கியத்தின் நடுவில் ஆங்கிலச் சொல் அப்படியே நிற்கும். அதே காலத்தில் இ-கலப்பையும், சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டரும், சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் அந்த வேலையை நம் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட்டன. கூகுளுடையது சொல்லை ஊகிக்கும் என்பது உண்மை. அதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பயணம் தேவைப்பட்டது. சில ஆயிரம் நூல்கள் கொண்ட ஒரு சின்னப் பட்டியலுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். தலைப்புகளை ஒரே தடவை அனுப்பிவிட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் சர்வரை எழுப்ப வேண்டியதில்லை.

இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும்

முதலில் சொன்ன மோசமான தப்பு இதுதான்.

விஷயத்தைச் சொன்னவர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். முகவரிப் பிரச்சினையைச் சரிசெய்யப் போயிருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "தம்பி, போன வாரம் ஒரு பொண்ணு வந்தது. ஆராய்ச்சி பண்றா. ஒரு புத்தகம் நம்மகிட்ட இல்லைன்னு உங்க பக்கம் சொல்லுச்சாம். ரெண்டு மாசமா வேற எங்கெல்லாமோ அலைஞ்சிருக்கா. கடைசியில வேற ஏதோ வேலையா இங்க வந்தவ, அலமாரியில அதைப் பார்த்துட்டா."

"எங்க இருந்து தேடினாங்களாம் சார்?"

"பஸ்ஸுல போகும்போது போன்லயாம்."

29சி பஸ்ஸில் மந்தைவெளி தாண்டி அடையாறு போகும் வழியில் நானே அதைச் செய்து பார்த்தேன். சிக்னல் விட்டுப்போன நேரத்தில் தேடினேன். பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, தெளிவான தமிழில், 'இந்தப் பெயரில் நூல் எதுவும் இல்லை' என்றது.

கோளாறு என் கோடில் இருந்தது. பதில் வராவிட்டால் வெறும் பட்டியலை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். வெறும் பட்டியல் என்றால் நூல் இல்லை என்று இன்னொரு இடத்தில் எழுதியிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமாகத் தெரிந்தன. சேர்ந்தபோது பொய் சொல்லின. ஃபெட்ச் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொறி உண்டு. சர்வர் 404 என்றோ 500 என்றோ திருப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. பதில் வந்ததா, அது நல்ல பதில்தானா என்று நாம்தான் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஆராய்ச்சி செய்கிறவருக்கு 'இல்லை' என்பது ஒரு செய்தி. அதை நம்பிக் கட்டுரையில் ஒரு வரி எழுதுவார், ஒரு திசையையே கைவிடுவார். 'கேட்க முடியவில்லை' என்பதை 'இல்லை' என்று காட்டுவது வடிவமைப்புக் குறை இல்லை, தப்புத் தகவல். முழுப் பக்கக் காலத்தில் ப்ரௌசர் இந்தப் பொய்யைச் சொன்னதே இல்லை. இணைப்பு இல்லை என்று அசிங்கமாக ஒரு பக்கம் காட்டும். அசிங்கமாக இருந்தாலும் அது உண்மை.

எனவே பக்கத்துக்கு நான்கு நிலை வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறது, கிடைத்தது, தேடினோம் ஆனால் இல்லை, தேடவே முடியவில்லை. நான்குக்கும் வேறு வேறு சொற்கள். கடைசி நிலையில் மறுபடி முயல ஒரு பட்டன். முதல் நிலைக்கு ஒரு கால வரம்பு. பத்து நொடிக்கு மேல் மனிதரின் கவனம் நிற்காது என்று ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதினார். அதற்குப் பிறகும் சுழலும் வட்டத்தைக் காட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் உதவாது.

இரண்டு தடவை

படிப்பதற்கான கோரிக்கையை எத்தனை தடவை அனுப்பினாலும் நஷ்டமில்லை. எதையாவது மாற்றும் கோரிக்கை அப்படி இல்லை. மின்கட்டணமோ ரயில் டிக்கெட்டோ கட்டும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்தலாமா என்று விரல் நடுங்கும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

ஒரு தடவை அழுத்தியதும் பட்டனை முடக்கிவிடுவது பாதித் தீர்வுதான். பக்கத்தை மூடித் திறந்தால் பட்டன் மறுபடி உயிர்பெறும். முழுத் தீர்வு செக் புத்தகத்தில் இருக்கிறது. ஒரே எண்ணுள்ள செக்கை இரண்டு தடவை பாஸ் செய்ய மாட்டார்கள். அதுபோல ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி எண் கொடுத்து அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகச் செய்யாமல் பழைய பதிலையே திருப்ப வேண்டும்.

மாற்றும் வேலையைப் படிக்கும் கோரிக்கையாக எழுதுவது இன்னும் பெரிய ஆபத்து. 2005 மே மாதம் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. பக்கத்திலுள்ள சுட்டிகளை முன்கூட்டியே கேட்டு வைக்கும். சில தளங்களில் 'அழி' என்பதும் சாதாரணச் சுட்டியாக இருந்தது. ஆக்சிலரேட்டர் அதையும் தொட்டது. ஆட்கள் சேமித்து வைத்திருந்தவை அழிந்தன. கூகுளைத் திட்டினார்கள். ஆனால் கெட் கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்பது எச்டிடிபி விதியில் அதற்கு முன்பிருந்தே இருந்த விஷயம்.

காதால் படிப்பவர்

திரையின் ஒரு மூலையில் பட்டியல் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறவருக்கு அது தெரியும். என்விடிஏ போன்ற மென்பொருள் வழியாகக் காதால் படிக்கிறவருக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். தேடினார், மௌனம். இதற்கு ஏரியா-லைவ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2014இல் டபிள்யூ3சி தரமாக ஏற்றுக்கொண்ட தொகுப்பில் அதுவும் ஒன்று. மாறும் பகுதிக்கு அந்த அடையாளத்தைக் கொடுத்தால் மாற்றத்தை வாசித்துச் சொல்லும்.

ஆனால் முழுப் பட்டியலுக்கும் அதைக் கொடுத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் இருபது தலைப்பை வாசிக்கத் தொடங்கும். '12 நூல்கள் கிடைத்தன' என்ற ஒரு வரிக்கு மட்டும் கொடுத்தால் போதும். அந்த வரி கண்ணால் பார்க்கிறவருக்கும் உதவும்.

மறுபக்கம்

இவ்வளவு தொல்லையென்றால் அஜாக்ஸே வேண்டாமே என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். வரைபடத்தை நகர்த்தும்போது ஒவ்வொரு முறையும் முழுப் பக்கம் வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாதி எழுதிய படிவத்தைத் தானாகச் சேமிப்பது எத்தனையோ பேர் உழைப்பைக் காப்பாற்றியிருக்கிறது. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவருக்குச் சின்னத் துண்டாக வருவது நிஜமான உதவி.

என் கேள்வி வரிசையைப் பற்றியது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் ஓடும் சாதாரணப் பக்கத்தை முதலில் கட்டி, அதன்மேல் அஜாக்ஸைப் போர்த்த வேண்டும். 2006இல் ஜெரமி கீத் இதற்கு ஹைஜாக்ஸ் என்று பெயர் வைத்து எழுதினார். சுட்டி சுட்டியாகவே இருக்கட்டும், படிவம் படிவமாகவே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் ஓடினால் குறுக்கே வந்து துண்டை மட்டும் மாற்றட்டும். ஓடாவிட்டால் பழைய வழி இருக்கிறது. இப்படிச் செய்தால் முகவரி, பின்னால் போகும் பட்டன், பிழைச் செய்தி எல்லாம் அடித்தளத்திலேயே இருக்கும். தலைகீழாகக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பி ஒட்டுவது நான் மூன்று வாரம் செய்த வேலை. அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது

நூலகப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தேடினேன். மெதுவாக, முழுப் பக்கமாக, ஆனால் சரியாக வந்தது. பெரியவரிடம் காட்டினேன். ஒரு புத்தகத்தைத் தேடி, அந்த முகவரியைத் தன் தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். தி.நகரிலிருந்து அவர் திறந்து பார்த்து, அதே புத்தகம்தான் வருகிறது என்று பதில் போட்டார். எனக்கு அது போதும். அந்த ஆராய்ச்சி மாணவி இழந்த இரண்டு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கடிதம் போட்ட வாசகருக்கு விளம்பரத்தின் படத்தை அனுப்பிவிட்டேன். என் பழைய குறிப்பில் அந்தச் சுட்டியை எடுத்துவிட்டு, பத்திரிகையின் பெயர், வருடம், மாதம், பக்க எண் போட்டிருக்கிறேன். எந்தக் களஞ்சியத்தில், எந்தச் சொல்லைத் தேடினால் வரும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இனிமேல் ஒரு சுட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அதை வேறொரு ப்ரௌசரில் ஒட்டித் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் அப்படிப் பழைய குறிப்புகளைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். இதுவரை இன்னும் நான்கு வாசற்கதவுகள் கிடைத்திருக்கின்றன.